வெறும் 128 கி.மீ. ஆறு... தாமிரபரணிக் கரையில் மட்டும் ஏன் இவ்வளவு பழைய ஊர்கள்?

திருநெல்வேலி என்றதும் அல்வா ஞாபகம் வரும். அந்த ருசிக்கு என்ன காரணம் என்று கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். "எல்லாம் நம்ம தாமிரபரணித் தண்ணிதான்" என்பார். அதில் எவ்வளவு உண்மை என்பதை அல்வா கிண்டுகிறவர்களிடமே விட்டுவிடுவோம். ஆனால், 3,000 வருஷத்துக்கு முன்னால் மனுஷங்க ஏன் இந்தப் பக்கம் வந்து ஊர் ஊராக உட்கார்ந்தார்கள் என்று கேட்டாலும் பதில் கிட்டத்தட்ட அதேதான். தண்ணி.

கையில் ஃபோன் இருக்கிறதல்லவா, மேப்பைத் திறங்கள். சாட்டிலைட் வியூவுக்கு மாற்றி, மேற்கே பாபநாசத்தில் விரலை வைத்து, கிழக்கே புன்னைக்காயல் வரைக்கும் மெதுவாக நகர்த்துங்கள். முதலில் கரும்பச்சையாக மலைக்காடு. அப்புறம் ஆற்றின் இரண்டு பக்கமும் நாடா மாதிரி ஒரு பச்சை. அந்த நாடாவுக்கு வெளியே வடக்கிலும் தெற்கிலும் பழுப்பும் சிவப்புமாகக் காய்ந்த நிலம். கடைசியில் கடல்.

அந்தப் பச்சை நாடாதான் இந்தக் கட்டுரையின் கதை. ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை என்று நீங்கள் செய்திகளில் பார்க்கும் பெயர்கள் எல்லாம் அதன் மேலேயோ, அதன் ஓரத்திலேயோதான் இருக்கின்றன.

நைல் நதியின் நீளம் சுமார் 6,650 கி.மீ. சிந்து 3,000 கி.மீ.க்கும் மேல். நம்ம காவிரியே 800 கி.மீ. தாமிரபரணி? ஏறத்தாழ 128 கி.மீ.தான். பைக்கில் கிளம்பினால் காலையில் மலையடிவாரத்தில் இட்லி சாப்பிட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குக் கடற்கரைக்குப் போய்விடலாம். இவ்வளவு சின்ன ஆறு எப்படி இவ்வளவு பழைய வாழ்க்கையைத் தாங்கியது?

இரண்டு மழை, ஒரே ஆறு

பொதிகை மலை தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும் நடுவே நிற்கும் சுவர். அதில் அகத்தியமலைச் சிகரத்தின் உயரம் 1,800 மீட்டருக்கும் மேல். ஜூனில் தென்மேற்குப் பருவமழை வரும்போது மேகங்கள் கேரளப் பக்கம் கொட்டித் தீர்த்துவிடும். மலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் நெல்லைச் சமவெளி மழை மறைவுப் பகுதி. ஜூலையில் பாளையங்கோட்டைக்கு வந்தால் காற்று ஜிலுஜிலுவென்று அடிக்கும், மழை மட்டும் வராது.

ஆனால் ஆறு பிறக்கும் இடம் மலையின் முகட்டில் இருக்கிறது. அந்தச் சுவரைத் தாண்டி வழியும் மழை அங்கே விழுகிறது. ஆகவே, ஊரில் ஒரு சொட்டு மழை இல்லாத மாதத்திலும் ஆற்றில் தண்ணீர் வரும். அக்டோபரில் காற்று திசை மாறி வடகிழக்குப் பருவமழை தொடங்கினால், அதே மலை இந்தத் தடவை கிழக்கிலிருந்து வரும் மேகத்தைத் தடுத்து நிறுத்தும். மாஞ்சோலைக்கு மேலே இருக்கும் நாலுமுக்கு, ஊத்து என்கிற பெயர்களை வானிலைச் செய்திகளில் கேட்டிருப்பீர்கள். தமிழ்நாட்டில் அதிக மழை பதிவான இடங்களின் பட்டியலில் அடிக்கடி வருபவை இவை. அதே நேரம், ஆறு போய்ச் சேரும் தூத்துக்குடிக் கடற்கரையில் வருஷம் முழுக்கப் பெய்யும் மழை 700 மில்லிமீட்டருக்கும் குறைவு.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கம் தமிழ்நாட்டின் ரொம்ப ஈரமான மலை, இன்னொரு பக்கம் ரொம்பக் காய்ந்த கடற்கரைகளில் ஒன்று. நடுவே அந்த ஈரத்தை எடுத்துவந்து காய்ந்த நிலத்துக்குக் கொடுக்கிற ஒரே ஆள், இந்த ஆறு. தமிழ்நாட்டுக்குள்ளேயே பிறந்து தமிழ்நாட்டுக்குள்ளேயே கடலில் சேரும் வற்றாத ஆறு என்று தாமிரபரணியைச் சொல்வது இதனால்தான்.

நெல்லை விவசாயிகளின் பேச்சில் இந்த இரட்டை மழை இன்னும் அப்படியே இருக்கிறது. தஞ்சாவூர்க்காரர்கள் குறுவை, சம்பா, தாளடி என்பார்கள். இங்கே கார், பிசானம். ஜூனில் மலையில் பெய்யும் மழையை நம்பி நடுவது கார். அக்டோபர் மழையை நம்பி நடுவது பிசானம். ஒரு மழை காலை வாரினால் இன்னொன்று கைகொடுக்கும்.

'வைகைக் கரையில் கீழடி இருக்கே, அது வற்றாத ஆறா?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வைகைக்கு இன்று கைகொடுக்கும் பெரியாற்றுத் தண்ணீர் வந்ததே 1895-ல்தான். அதற்கு இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே அங்கே கீழடி இருந்தது. வற்றாத ஆறு இருந்தால்தான் நாகரிகம் என்று சட்டம் எதுவும் கிடையாது. ஆனால், மழை பொய்த்த வருஷத்திலும் விதைநெல்லைத் தின்றுவிடாமல் தப்பிக்க முடிகிற ஊர், தலைமுறை தலைமுறையாக அதே இடத்தில் நிற்கும். தாமிரபரணிக் கரையில் நடந்தது அதுதான்.

நைலும் யூப்ரடீஸும் சொல்லும் பாடம்

ஸ்கூலில் 'ஆற்றங்கரை நாகரிகங்கள்' என்று ஒரே தலைப்பில் எகிப்து, மெசபடோமியா, சிந்து எல்லாவற்றையும் ஒன்றாகப் படித்திருப்போம். உண்மையில் ஒவ்வொரு ஆற்றுக்கும் ஒரு குணம் உண்டு. எத்தியோப்பிய மலைகளில் பெய்யும் கோடை மழையால் நைல் வருஷத்துக்கு ஒரு தடவை, ஏறக்குறைய ஒரே மாதத்தில் கரைபுரளும். வெள்ளம் வடிந்ததும் வண்டல் மேல் விதைத்தால் போதும். மெசபடோமியாவில் கதை வேறு. யூப்ரடீஸும் டைக்ரிஸும் வசந்த காலத்தில் பொங்கும். அதாவது, கதிர் முற்றி அறுக்கப்போகும் நேரத்தில்! அங்கே கரை கட்டாமல், வாய்க்கால் வெட்டாமல் சோறு கிடையாது. போதாக்குறைக்குத் தெற்கு மெசபடோமியாவில் நல்ல கல் இல்லை, உலோகம் இல்லை, பெரிய மரம்கூட இல்லை. எல்லாவற்றையும் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும்.

இப்போது மறுபடி நம்ம மேப்புக்கு வாருங்கள். சங்க இலக்கியத்தின் ஐந்து திணைகளைப் பாடமாக மனப்பாடம் செய்திருப்பீர்கள். தாமிரபரணிக் கரையில் அதை நடந்தே பார்க்கலாம். பாபநாசத்துக்கு மேலே குறிஞ்சி. காணி மக்கள் இன்றைக்கும் வாழும் மலை. அடிவாரத்தில் மாடு மேயும் முல்லை. அம்பாசமுத்திரம் தொடங்கி ஏரல் வரை வயலும் வாழையுமாக மருதம். தெற்கே சாத்தான்குளம், உடன்குடிப் பக்கம் திரும்பினால் செக்கச்செவேல் என்று மணல்மேடு, தேரிக்காடு. பாலை எங்கே என்று தேட வேண்டியதில்லை. கடைசியில் நெய்தல்.

இதெல்லாம் நான்கைந்து நாள் நடைக்குள் அடங்கிவிடுகிறது. மலையில் மிளகும் தேனும் மரமும். சமவெளியில் நெல். தேரியில் பனை. கடலில் உப்பு, மீன், சங்கு, முத்து. ஒரு ஊரில் இல்லாதது அடுத்த ஊரில் இருக்கும். எனக்கு என்னவோ, ஆற்றின் நீளம் குறைவாக இருந்ததே இந்தப் பள்ளத்தாக்கின் பெரிய பலம் என்றுதான் தோன்றுகிறது.

அந்தத் தேரிக்காட்டை லேசாக நினைக்காதீர்கள். இரும்பு ஆக்சைடு பூசிய மணல் என்பதால்தான் அந்தச் சிவப்பு. நெல் விளையாத அந்த மணலில்தான் இந்தப் பகுதியின் மிகப் பழைய மனிதத் தடங்களில் சில கிடைத்திருக்கின்றன. விரல் நக அளவுக்குச் சின்னதாகச் சீவிய கல் கருவிகள். எஃப்.இ. சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்ச்சினும் 1956-ல் இவற்றைப் பற்றி விரிவான ஆய்வுக் கட்டுரையே எழுதினார்கள். விவசாயம் தெரியாத காலத்தில் வேட்டையாடி, மீன் பிடித்து வாழ்ந்த மக்கள் விட்டுப்போனவை அவை. அவர்களுக்கு ஆற்று வண்டலைவிடக் கடலோர மணல்மேடுதான் வசதி. நெல்லைக் கையில் எடுத்த பிறகுதான் மனுஷனுக்கு வண்டல் மண்ணின் அருமை தெரிந்தது.

நல்ல நிலம் நெல்லுக்கு, பரம்பு இறந்தவர்களுக்கு

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் ரோட்டில் 24 கி.மீ. போனால் ஆதிச்சநல்லூர். ஆற்றின் தென்கரை. ரோட்டை ஒட்டி ஒரு மேடு. புல்கூடச் சரியாக முளைக்காத சரளை மண். கீழே தோண்டினால் பாறை. ஊர்க்காரர்கள் இதைப் பரம்பு என்பார்கள். மொத்தம் 114 ஏக்கர்.

1876-ல் பெர்லினிலிருந்து வந்த யாகோர் என்பவர் இங்கே முதலில் தோண்டினார். கிடைத்ததை ஜெர்மனிக்கு எடுத்துக்கொண்டு போனார். 1899 முதல் 1905 வரை இந்தியத் தொல்லியல் துறையின் அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது ஆயிரக்கணக்கில் பொருள்கள் வந்தன. இரும்பு வாள், ஈட்டி, மண்வெட்டி, வெண்கலத்தில் விலங்கு உருவங்கள், நெற்றியில் கட்டிக்கொள்ளும் தங்கப் பட்டங்கள். எல்லாம் பெரிய பெரிய மண் தாழிகளுக்குள்ளும் பக்கத்திலும். இறந்தவர்களை வைத்துப் புதைத்த தாழிகள். அப்புறம் நூறு வருஷம் கிட்டத்தட்ட மௌனம். 2004-ல் தொல்லியல் துறை மறுபடி இறங்கியபோது, சின்ன இடத்திலேயே நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தாழிகள் வெளியே வந்தன.

இதில் தங்கத்தைவிட எனக்குப் பிடித்த விஷயம், இடத் தேர்வு. ஏன் அந்தப் பரம்பு?

மேட்டில் நின்று ஆற்றுப் பக்கம் பாருங்கள். கண்ணுக்கு எட்டியவரை வயல். திரும்பிப் பார்த்தால் சரளை. சோறு போடும் ஒரு அடி வண்டலைக்கூட வீணாக்காமல், எதுவும் விளையாத, வெள்ளமும் எளிதில் ஏறாத மேட்டைத் தங்கள் முன்னோர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். சில தாழிகளுக்காகப் பாறையையே வெட்டிக் குழி பறித்திருக்கிறார்கள். கஷ்டமான வேலை. அருகிலேயே மிருதுவான மண் இருக்கும்போது இந்தப் பாட்டைப் படவேண்டிய அவசியம் என்ன? அந்த மிருதுவான மண் வேறொன்றுக்கு வேண்டும். ரீ தோண்டிய பானைகளிலேயே நெல், தினை வகைகளின் உமி இருந்தது.

வடகரையில் இருக்கும் சிவகளையிலும் இதே ஏற்பாடுதான். புதைத்த இடம் பரம்பு. ஆட்கள் வாழ்ந்த மேடுகளுக்கு ஊரில் 'திரடு' என்று பெயர். அதாவது வெள்ளம் வந்தாலும் தலை நனையாத திட்டு. தாழ்வான இடமெல்லாம் குளமும் வயலும். யாரோ உட்கார்ந்து டவுன் பிளானிங் செய்த மாதிரி இருக்கும். செய்தது நிலம். மனிதர்கள் அதைப் படித்துக்கொண்டார்கள்.

தமிழ்நாடு தொல்லியல் துறை சிவகளையில் தோண்டிய ஒரு தாழியில் நெல் உமி இருந்தது. அமெரிக்காவின் பீட்டா அனலிடிக் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். கி.மு. 1155 என்று முடிவு வந்தது. 2021 செப்டம்பர் 9 அன்று முதல்வர் ஸ்டாலின் இதைச் சட்டமன்றத்தில் அறிவித்தார். 'பொருநை நாகரிகம் 3,200 ஆண்டுப் பழமை' என்று அன்று ட்ரெண்ட் ஆனது இதனால்தான். (பொருநை என்பது தாமிரபரணியின் பழைய பெயர்.)

அதைவிடப் பெரிய குண்டு 2025 ஜனவரி 23 அன்று விழுந்தது. சிவகளைத் தாழிகளில் இரும்போடு கிடைத்த மாதிரிகளின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று தமிழக அரசு 'இரும்பின் தொன்மை' அறிக்கையை வெளியிட்டது. கே.ராஜனும் ஆர்.சிவானந்தமும் எழுதியது. இது நிலைத்தால், உலகத்தில் இரும்பு உருக்கிய வரலாற்றையே திருத்தி எழுத வேண்டியிருக்கும். ஒரு இடத்துத் தேதியை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது, இன்னும் பல இடங்களில் உறுதியாக வேண்டும் என்று சொல்லும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். இரண்டு பக்கத்தையும் வாசியுங்கள். வாட்ஸ்அப் ஃபார்வேர்டில் 'நாமதான் ஃபர்ஸ்ட்' என்று வந்தால் உடனே அடுத்த குரூப்புக்குத் தள்ளிவிடாதீர்கள். வயசுப் போட்டியில் ஜெயிப்பதைவிட, அந்த மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பது எவ்வளவோ சுவாரஸ்யமானது.

உதாரணத்துக்கு, ஆதிச்சநல்லூர் வெண்கலத்தை எடுங்கள். வெண்கலம் செய்ய செம்போடு வெள்ளீயம் சேர்க்க வேண்டும். வெள்ளீயம் இந்தப் பக்கத்து மண்ணில் கிடையாது. ஆக, எங்கிருந்தோ கைமாறிக் கைமாறி இங்கே வந்திருக்கிறது. தன் ஊரில் எல்லாம் விளைகிற மக்களுக்கும் வெளியூர்ச் சரக்கு தேவைப்பட்டிருக்கிறது. அதற்கு மாற்றாகக் கொடுக்க அவர்களிடம் ஏதோ இருந்திருக்கிறது.

நேர்மையாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். மொகஞ்சதாரோ மாதிரி ஒரு பிரமாண்ட நகரம் தாமிரபரணிக் கரையில் இதுவரை கிடைக்கவில்லை. அதை ஒரு குறையாக நினைக்க வேண்டியதில்லை. பச்சை நாடா அகலம் குறைவு என்று பார்த்தோமல்லவா? பல்லாயிரம் பேரை ஒரே இடத்தில் குவித்து வைக்கும் அகலம் அதற்குக் கிடையாது. அதற்குப் பதிலாக, ஆற்றோரமாக மைலுக்கு ஒரு ஊர். இன்றைக்கும் திருச்செந்தூர் பஸ்ஸில் போனால் ஒரு ஊர் முடிவதற்குள் அடுத்த ஊர் வந்துவிடும். என் ஊகம்தான் இது, ஆனால் நிலத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது.

எட்டு அணைக்கட்டும் ஒரு சங்கிலியும்

பாபநாசம், மணிமுத்தாறு என்று பெரிய அணைகள் வந்தது 20-ஆம் நூற்றாண்டில். அதற்கு முன்பே ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் இருந்தன. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசியாக உள்ள ஸ்ரீவைகுண்டம் மட்டும் 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் காலத்தில் கட்டியது. மற்ற ஏழும் அதற்கு முந்தைய காலத்தவை. 'நதியுண்ணி', அதாவது நதியைக் குடிக்கிறவன்! ஒரு அணைக்கு இதைவிடப் பொருத்தமாக யாரும் பெயர் வைக்க முடியாது.

இவை தண்ணீரைத் தேக்கி வைக்கும் அணைகள் அல்ல. ஆற்றை லேசாகத் தடுத்து, மட்டத்தைக் கொஞ்சம் உயர்த்தி, பக்கவாட்டில் வாய்க்காலுக்குத் திருப்பிவிடும். மிச்சம் மேலே வழிந்து போய்விடும். மேற்கிலிருந்து கிழக்கே நிலம் ஒரே சீராகச் சரிவதால்தான் இது நடக்கிறது. வாய்க்கால் குளத்தில் விழும். அந்தக் குளம் நிறைந்தால் அடுத்த குளம். வழி முழுக்க வயல். கசிந்து வரும் தண்ணீர் மறுபடி ஆற்றுக்கே வந்து, அடுத்த அணைக்கட்டில் இன்னொரு தடவை பயன்படும். இப்படி ஒரே தண்ணீர் பல கை மாறி, சுமார் 86,000 ஏக்கருக்குப் பாய்கிறது. சீவலப்பேரிப் பக்கம் சிற்றாறு வந்து கலக்கும் இடத்தை வைத்து எழுந்த முக்கூடற்பள்ளு, இந்த வயல்களில் விளைந்த நெல் வகைகளை வரிசையாகப் பேர் சொல்லிப் பாடும் நூல். ஆற்றோரக் கோரையைக் கொண்டுதான் பத்தமடைக்காரர்கள் பட்டு மாதிரி பாய் நெய்கிறார்கள்.

கடல் போன கதை

இப்போது கதையின் சோகமான பகுதி. ஏரலைத் தாண்டிப் போனால் கொற்கை. சின்னக் கிராமம். வயல், வாழை, ஒரு பழைய வன்னி மரம். கடல் எங்கே என்று கேட்டால் கிழக்கே கை காட்டுவார்கள். ஆறேழு கிலோமீட்டர் போக வேண்டும்.

இது ஒரு காலத்தில் பாண்டியர்களின் துறைமுகம். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய 'பெரிப்ளஸ்' கையேடு, கொல்கை என்று இதன் பேரைச் சொல்லி, குற்றவாளிகளை வைத்து இங்கே முத்துக் குளிக்கிறார்கள் என்கிறது. அடுத்த நூற்றாண்டில் தாலமியும் குறிப்பிடுகிறார். சங்கப் பாடல்கள் கொற்கை முத்தைத் திரும்பத் திரும்பப் பேசுகின்றன. 1968-69-ல் தமிழகத் தொல்லியல் துறை தோண்டியபோது கிடைத்த கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. 785 என்று வந்தது. பக்கத்தில் அக்கசாலை என்றே ஒரு சிற்றூர் இருக்கிறது. அக்கசாலை என்றால் நாணயம் அடிக்கும் இடம்.

முத்து ஏன் இங்கே? அதற்கும் நிலம்தான் பதில். இலங்கை ஒரு பக்கம் அணைகட்டின மாதிரி நிற்பதால் மன்னார் வளைகுடா ஆழம் குறைந்த, ஓரளவு அமைதியான கடல். அடியில் பாறைத் திட்டுகள். அவற்றை முத்துப்பார் என்பார்கள். சிப்பிகள் அவற்றில்தான் ஒட்டி வளரும். உள்ளே நெல் விளையும் பள்ளத்தாக்கு, வாசலில் முத்து விளையும் கடல். வெள்ளீயத்துக்கு மாற்றாக என்ன கொடுத்திருப்பார்கள் என்று கேட்டோமே, ஒரு பதில் இந்த வாசலில் இருக்கலாம்.

அப்புறம் என்ன ஆனது? ஆறு நிற்கவில்லை. வயலுக்குச் சோறு போட்ட அதே வண்டலை வருஷா வருஷம் கடலிலும் கொண்டுபோய்க் கொட்டியது. முகத்துவாரம் மேடானது. கடற்கரை கிழக்கே தள்ளிப் போனது. இதில் கடல் மட்டம் மாறியதற்கும் பங்கு உண்டு. கப்பல் வர முடியாமல் போனதும் வியாபாரிகள் கடலைத் துரத்திக்கொண்டு போய்க் காயலில் கடை விரித்தார்கள். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ பார்த்த 'காயில்' அதுதான். ஏடனிலிருந்தும் ஹோர்முஸிலிருந்தும் குதிரை ஏற்றிவந்த கப்பல்கள் நின்ற இடம். அதையும் மண் மூடியது. இன்று அதன் பெயர் பழையகாயல், சுற்றிலும் உப்பளம். கடைசியில் ஆற்றின் கையே எட்டாத தூத்துக்குடிக்குத் துறைமுகம் போய்விட்டது.

இடையன்குடியில் பணிபுரிந்த பாதிரியார் ராபர்ட் கால்டுவெல்லை மொழி ஆராய்ச்சிக்காரராக மட்டும்தான் நமக்குத் தெரியும். கொற்கையிலும் காயலிலும் முதலில் மண்வெட்டியோடு இறங்கியவர்களில் அவரும் ஒருவர். துறைமுகத்தை விழுங்கியது ஆற்று வண்டல்தான் என்று 1881-ல் வெளியான தன் திருநெல்வேலி வரலாற்று நூலில் எழுதிவைத்தார்.

ஆறு இன்னும் அதே ஆறுதான்

'பழங்கதை எதுக்கு?' என்று நினைக்கிறவர்கள் 2023 டிசம்பரை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை. வருஷம் முழுக்க 70 செ.மீ.கூடப் பெய்யாத கடற்கரையில்! குளங்கள் உடைந்தன. ஏரலும் ஸ்ரீவைகுண்டமும் தீவாகின. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு மாட்டிக்கொண்டது. அந்தப் பழைய மக்கள் ஏன் திரட்டில் வீடு கட்டினார்கள், ஏன் தாழ்வான இடத்தைக் குளத்துக்கும் வயலுக்கும் விட்டார்கள் என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை. குளத்துக்குள் பிளாட் போடும் தைரியம் அவர்களுக்கு இல்லை.

திருநெல்வேலியில் குறுக்குத்துறை முருகன் கோயிலைப் பார்த்திருக்கிறீர்களா? ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளம் வந்தால் மூழ்கும். முன்கூட்டியே உற்சவரைத் தூக்கி மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். வெள்ளம் வடிந்ததும் கழுவிவிட்டு மறுபடி பூஜை. வெள்ளத்தைக் கிழிக்கிற மாதிரி, கோயிலின் முகப்பே படகின் முனைபோல இருக்கும். ஆற்றோடு சண்டை போடாமல் வாழத் தெரிந்தவர்கள் கட்டியது.

இன்று ஊர்ச் சாக்கடை அதே ஆற்றில்தான் கலக்கிறது. பல வருஷம் மணலும் அள்ளினார்கள். மணல் போய்ப் படுகை கீழே இறங்கிவிட்டால், வாய்க்காலின் தலைமடை மேலே தொங்கிக்கொண்டு நிற்கும், தண்ணீர் ஏறாது. அணைக்கட்டுகள் எல்லாம் படுகை எந்த மட்டத்தில் இருக்கிறதோ அதை நம்பிக் கட்டியவை. மணல் என்பது இங்கே கட்டுமானப் பொருள் மட்டும் இல்லை, பாசனத்தின் ஒரு உறுப்பு.

ஒரு நாள் போய்ப் பாருங்கள்

அடுத்த லீவுக்குக் குற்றாலம் பிளான் போடும்போது இதற்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். திருநெல்வேலியிலேயே ரெட்டியார்பட்டி மலைப் பக்கம் பொருநை அருங்காட்சியகம் இருக்கிறது. ஆதிச்சநல்லூரில், தோண்டிய குழியையும் தாழிகளையும் இருந்த இடத்திலேயே கண்ணாடித் தளத்தின் வழியாகப் பார்க்கும்படி 2023-ல் தொல்லியல் துறை அமைத்திருக்கிறது. 2020 மத்திய பட்ஜெட்டில் ராகிகடி, தோலாவிரா, ஹஸ்தினாபுரம், சிவசாகரோடு சேர்த்து அறிவித்த ஐந்து இடங்களில் இதுவும் ஒன்று. கண்ணாடியை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடாமல், பரம்பு மேல் நின்று வயலையும் ஒரு தடவை பாருங்கள்.

அங்கிருந்து கொற்கை. பெரிதாகப் பார்க்க ஒன்றும் இல்லை என்று சொல்வார்கள். பரவாயில்லை, போங்கள். வன்னி மர நிழலில் நின்று ஃபோனில் மேப்பைத் திறந்து, உங்கள் நீலப் புள்ளிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் நிலத்தைப் பாருங்கள். வாழைத்தோட்டம், உப்பளம், ஊர் என்று இருக்கும் அவ்வளவும் பொதிகை மலையிலிருந்து வந்த மண். வெயில் தாழ்ந்த பிறகு புன்னைக்காயலுக்குப் போய்விட்டால், ஆறு கடலில் கலப்பதைப் பார்க்கலாம். அலையாத்திச் செடிகளுக்கு நடுவே தண்ணீர் மெதுவாகத்தான் போகும், கலங்கலாக. அதில் கொஞ்சம் மண் இருக்கும்.